ஈரப்புல்லிடம் நான் தோற்ற தேர்தல்

ஜொகூர் மாநிலத்திலேயே புல்லை எதிர்த்துத் தேர்தலில் நின்று தோற்றுப்போன ஒரே மனிதன் நான்தான். புல் என்றால் கட்சிச் சின்னம் என்று நினைத்துவிடாதீர்கள். மாடு தின்கிற புல். அதுவும் மண்ணில் பச்சையாக நிமிர்ந்து நிற்கிற புல்லாக இருந்தால்கூட மனசு ஆறும். வெட்டுப்பட்டு, நனைந்து, கட்டி தட்டி, வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் உட்கார்ந்திருந்த புல். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் என்னைத் தோற்கடித்தது.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லத் தொடங்கினால் போதும், என் மனைவி கிருஷ்ணம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்.

"ஆரம்பிச்சிட்டாரு. தண்ணியக் குடிச்சிட்டு சட்டுனு கெளம்புங்க. கிரேன் மேல உக்காந்துக்கிட்டு, சிங்கப்பூர்ல எவன் பல்லு வெளக்குறான்னு பார்த்தேன்னு சொன்ன மனுசன் இவரு."

பார்த்தேன்தான். பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அவன் என்ன பற்பசை என்றுகூடத் தெரியும். அது போகட்டும்.

"அன்னிக்கு நானும் மண்டபத்துப் பின்னால வடை சுட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்பாள். "அப்படி ஒண்ணும் நடக்கல. புல்லுக்கு எவனாச்சும் ஓட்டுப் போடுவானா?"

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கூட்டுவது குறைப்பது என் பழக்கமில்லை.

எங்கள் இந்தியர் சமூகநல மன்றத்துக்குப் பெர்மாஸ் ஜெயா ஓரத்தில் ஒரு மண்டபமும், மண்டபத்தைவிடப் பெரிய திடலும் உண்டு. ஏதோ ஒரு கோல்ஃப் மைதானத்தில் கழித்துக் கட்டிய புல்வெட்டி வண்டி ஒன்று நன்கொடையாக வந்து சேர்ந்தது. ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. சிவப்பு நிறம். ஸ்டியரிங் உண்டு, கியர் உண்டு, தேநீர்க் குவளை வைக்க ஒரு குழிகூட உண்டு. அதன் சாவி என் கைக்கு வந்த நாளில், ஓய்வு பெற்ற துக்கம் என்னை விட்டுப் போனது.

ஓய்வு பெற்றவனுக்கு என்ன வேண்டும்? ஏறி உட்கார ஓர் இடம் வேண்டும். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் "காலத் தூக்குங்க, கூட்டணும்" என்பார்கள். புல்வெட்டி வண்டியில் உட்கார்ந்திருப்பவனை யாரும் காலைத் தூக்கச் சொல்வதில்லை. எனக்கு அந்தச் சாவி போதும். மன்றம் சம்பளம் தரவில்லை, நானும் கேட்கவில்லை. சாவியை மட்டும் பிடுங்காதிருந்தால் செத்தபிறகும் வந்து வெட்டிக் கொடுத்திருப்பேன்.

அந்த வண்டிக்கு ஒரே ஒரு நோய். வயிற்று நோய். கத்திகள் சுற்றுகிற இடத்தை, கவிழ்த்துவைத்த பெரிய வாணலிபோல ஓர் இரும்பு மூடி மூடியிருக்கும். டெக் என்போம். காய்ந்த புல்லை வெட்டினால் அது பக்கவாட்டில் பறந்து போய்விடும். ஈரப்புல்லை வெட்டினால் பறக்காது, டெக்கின் உட்புறத்தில் அப்பிக்கொள்ளும். அதன்மேல் இன்னொரு படை, அதன்மேல் இன்னொன்று. கடைசியில் கத்தி சுற்ற இடமில்லாமல் எஞ்சின் இருமும், வண்டி சாணி போடுவதுபோல் நடுத்திடலில் உருண்டை உருண்டையாகப் போட்டுக்கொண்டே போகும்.

இதற்கு வைத்தியம் ஊருக்கே தெரியும். வண்டியோடு வந்த புத்தகத்திலும் படம் போட்டிருக்கிறது. வெயில் ஏறிப் பனி காய்ந்தபிறகு வெட்ட வேண்டும். முடிந்ததும் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிளக் ஒயரைக் கழற்றி, முன்சக்கரங்களைக் கட்டைமேல் ஏற்றி, அடியில் போய்ச் சுரண்ட வேண்டும். நான் ரொட்டி சானாய் திருப்பும் தகட்டால் சுரண்டினேன். சுரண்டியபின் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவினால் மறுமுறை புல் ஒட்ட யோசிக்கும். அவ்வளவுதான். பல மாதம் அப்படியே ஓடியது. திடல் சவரம் செய்த கன்னம்போல் இருந்தது.

அப்போதுதான் எங்கள் தலைவர் குணாளன், களப்பணியில் இறங்கினார்.

அவர் களப்பணியில் இறங்குவதென்றால், வண்டிக்கு முன்னால் நின்று கையை நீட்டித் திசை காட்டுவதுபோல் படம் எடுத்து மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது. பத்து மணிக்கு எடுத்த படத்தில் அவர் சட்டை வியர்த்திருந்தது. இன்னொன்றில் நெற்றி பளபளத்தது. உடனே செயற்குழு கூடி, இனிமேல் புல்வெட்டும் பணி விடிந்தவுடன் தொடங்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. காலை வெளிச்சத்தில் மன்றத்தின் முகம் நன்றாக விழுகிறதாம். மன்றத்தின் முகம் என்பது அவர் முகம்.

ஜொகூரில் சாயங்காலம் ஆனால் மழை. விடிந்தால் பனி. அந்தப் புல்லில் வண்டியை விட்டால் என்ன ஆகும்? முதல் வாரம் இருமியது. இரண்டாம் வாரம் டெக்குக்குள் காளான் முளைத்தது. மூன்றாம் வாரம் ஒரு கோழி உள்ளே போய் அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. அதை எழுப்பப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மன்றம் சும்மா இருக்குமா? 'ஈரப்புல் ஒட்டுத் தடுப்புச் சிறப்புக் குழு' பிறந்தது. முதல் கூட்டத்தில் கடவுள் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, வரவேற்றவரை வரவேற்று ஓர் உரை. பிறகு தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"அன்பர்களே! புல் ஏன் ஒட்டுகிறது? ஈரமாக இருப்பதால் ஒட்டுகிறது. ஏன் ஈரமாக இருக்கிறது? விடிந்தவுடன் வெட்டுவதால் ஈரமாக இருக்கிறது. ஏன் விடிந்தவுடன் வெட்டுகிறோம்? நான் சொன்னதால் வெட்டுகிறோம். ஆகவே அன்பர்களே, குற்றம் முழுக்க முழுக்கப் புல்லின்மேல் இருக்கிறது!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் எழுந்தேன்.

"தலைவரே, வெயில் ஏறுறவரைக்கும் காத்திருந்தா போதும். வேற ஒண்ணும் வேணாம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "திரு. அர்ச்சுனன், காத்திருப்பதற்கு ஒரு குழு எதற்கு? அதை யார் வேண்டுமானாலும் செய்யலாமே. அப்புறம் நாங்கள் எல்லாம் எதற்கு இருக்கிறோம்?"

நான் அடுத்த வைத்தியத்துக்குத் தாவினேன்.

எண்ணெய் தடவலாம் என்றேன். மகளிர் பிரிவுத் தலைவி தனலெட்சுமி துள்ளி எழுந்தார். "மன்றத்து வண்டிக்கு மீன் பொரிச்ச எண்ணெயா? அதுவும் ஆயுத பூசைக்கு முன்னாடியா? ஒரு மரியாதை வேணாம்? நல்லா சந்தனத்தக் கொழைச்சுப் பூசுங்க. குளுமை."

சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, வண்டியைக் கட்டைமேல் ஏற்றி, டெக்கின் உட்புறம் முழுவதும் ஒரு விரல் கனத்துக்குப் பூசினார்கள். கத்திக்குக் கத்தி குங்குமப் பொட்டு. எஞ்சினுக்கு மாலை. டெக் மணமகன்போல் இருந்தது. ஈரச்சந்தனத்தின்மேல் ஈரப்புல் பட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்க வாய் திறந்தபோது கற்பூரம் காட்டிவிட்டார்கள்.

என்ன ஆகும்? சிமெண்ட் ஆகும். ரொட்டி சானாய்த் தகடு வளைந்துபோனது. நான் உளி கேட்டேன். சந்தனத்தை உளியால் செதுக்குவது அபசாரம் என்று மகளிர் பிரிவு கடிதம் கொடுத்தது. புல் படை படையாக ஏறியது. கனம் தாங்காமல் முன்சக்கரம் மண்ணில் புதைந்து, நான் பின்பக்கம் உயர்ந்து, மறுபடியும் கிரேனில் உட்கார்ந்திருப்பதுபோல் பக்கத்துத் தாமான் வீடுகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

இந்த நிலையில்தான் தலைவர், ஈரப்புல் தடுப்பு மாநாடு கூட்டினார். பெரிய பிரமுகர் ஒருவர் வந்தார், டத்தோ பட்டம் வாங்கியவர். திடலில் சிவப்புக் கம்பளம். மண்டபத்திலிருந்து வண்டிவரை நாதஸ்வரம். டத்தோ வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, கத்தியைச் சுற்றவைத்து மாநாட்டைத் தொடக்கிவைக்க வேண்டும்.

திருப்பினார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம். எஞ்சின் நின்றது. டெக்கிலிருந்து முழுசாக ஒரு புல்கட்டி சிவப்புக் கம்பளத்தின்மேல் தொப்பென்று விழுந்தது. ஆட்டுக்கல் அளவு. மேலே சந்தனம், நடுவில் குங்குமம், சுற்றிலும் கத்தி வழித்த வரி வரியான வேலைப்பாடு. மணம் வேறு கமகமவென்று. நான் சொல்கிறேன், சிற்பிகூட அப்படிச் செதுக்க முடியாது.

டத்தோ குனிந்து பார்த்தார். "இது என்ன?"

தலைவர் கண் இமைக்கவில்லை. "இதுதான் மாநாட்டின் தீர்மானம், டத்தோ."

"ஓ" என்றார் டத்தோ. அவர் கையில் ஒரு பொன்னாடை மிச்சம் இருந்தது. எங்கள் ஆட்களிடம் மிச்சப் பொன்னாடை இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எதிரில் இருப்பவருக்குப் போர்த்திவிடுவார்கள். அவர் எதிரில் இருந்தது புல்கட்டி. போர்த்தினார். கூட்டம் எழுந்து நின்றது. படம் எடுத்தார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். "வெயில் ஏறினப்பறம் வெட்டினா இதெல்லாம் வராது, டத்தோ" என்று சொல்லிவிட்டேன். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரியாது.

அன்றைக்கே என் சாவிக்கு ஆபத்து வந்துவிட்டது. ஆண்டுக் கூட்டத்தில் திடல் பொறுப்பாளர் பதவிக்குத் தேர்தல் என்று அறிவித்தார்கள். பொறுப்பாளர் கையில்தான் சாவி இருக்கும். அதுவரை அந்தப் பதவியை யாரும் கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை.

மன்றச் செயலாளர் மோகனதாஸ் என் பக்கத்து வீட்டுக்காரன். அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். தினமும் சாயங்காலம் ஒரே மேசையில், நுரை பொங்க ஆற்றிய தேநீர், தே தாரே குடிப்போம். மனசு கலங்கி அவனிடம் கேட்டேன்.

"டேய் மோகன், எவன்டா எனக்கு எதிரா நிக்கப் போறான்?"

"எவன் நிப்பான்? அந்த வெயில்ல ஓட்ட எவனுக்குப் பைத்தியம்?" என்று சிரித்தான். "நான் இருக்கேன் லா. செயலாளர் இல்லாம அந்த ஆளால ஒரு புல்லைக்கூடப் புடுங்க முடியாது. நீ குடி."

நம்பினேன். கிரேனில் இருந்தபோது கீழிருந்து கை காட்டுகிறவனை நம்பித்தான் பெட்டியை இறக்குவோம். அந்தப் பழக்கம்.

ஆண்டுக் கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. பின்னால் வடை வெந்துகொண்டிருந்தது. மேடையில் தலைவருக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் பொன்னாடையோடு புல்கட்டி. திடல் பொறுப்பாளர் பதவிக்கு என் பெயரை வாசித்தார்கள். வேறு யாராவது என்று கேட்டார் தலைவர். என் மோகனதாஸ் எழுந்தான். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"மன்றத்தின் சட்டப்படி, மேடையில் பொன்னாடை பெற்ற எவரும் கௌரவ ஆயுள் உறுப்பினர் ஆவார். ஆயுள் உறுப்பினர் எந்தப் பதவிக்கும் போட்டியிடலாம். அதன்படி" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, மேசையை நோக்கிக் கை கூப்பினான், "இவரை முன்மொழிகிறேன்."

நான் சிரித்தேன். மண்டபத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

"நமது வேட்பாளர் எந்தக் கூட்டத்துக்கும் தாமதமாக வந்ததில்லை. பாதியில் எழுந்து போனதில்லை. தலைவர் பேசும்போது குறுக்கே பேசியதில்லை. இரண்டாவது வடை கேட்டதில்லை. ஈரப்புல்லைப் பற்றி உள்ளிருந்தே அனுபவம் உள்ளவர் இவர் ஒருவர்தான்."

நேற்றுச் சாயங்காலம் என் காசில் தே குடித்த வாய் அது. நான் எழுந்தேன்.

"தலைவரே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இது வண்டி ஓட்டுமா?"

தலைவர் மெல்லப் புன்னகைத்தார். "திரு. அர்ச்சுனன், பொறுப்பாளர் என்றால் பொறுப்பில் இருப்பவர். வேலை செய்பவர் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது? நான் எத்தனையோ வருடமாகத் தலைவர். நான் ஏதாவது செய்து நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை!" என்றது மண்டபம், ஒரே குரலில், பெருமையோடு.

துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனான் மோகனதாஸ். எண்ணினார்கள். மறுபடி எண்ணினார்கள். ஒரே ஓட்டில் புல் ஜெயித்தது.

வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளத்தில் சாவியை வைத்து, என் கையாலேயே கொண்டுபோய்ப் புல்கட்டி முன்னால் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். கிரேனை விட்டு இறங்கிய கடைசி நாளில்கூட நான் கண்ணைத் துடைக்கவில்லை.

அதற்குப்பின் திடலில் வண்டி ஓடவில்லை. பொறுப்பாளர் மேசையை விட்டு இறங்கவில்லை. புல் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. ஒரு கால்பந்துக் குழு பந்து பொறுக்க உள்ளே போனது, பாதிப்பேர் மறுபக்கம் சாலை வழியாகத்தான் வெளியே வந்தார்கள். தலைவர் அந்தப் புதரின் முன்னால் நின்று அறிக்கை விட்டார்:

"புதிய பொறுப்பாளர் பதவியேற்ற நாள் முதல், நம் வண்டியின் டெக்கில் ஒரு துளி ஈரப்புல்கூட ஒட்டவில்லை. முழு வெற்றி!"

இப்போது மற்ற மன்றத்தார் வேன் பிடித்து வந்து, எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள்.

நான் மோகனதாஸோடு பேசுவதை நிறுத்தினேன். வேலிக்கு இந்தப்பக்கம் நான் நின்றால் அவன் அந்தப்பக்கம் வீட்டுக்குள் போய்விடுவான். போன ஞாயிற்றுக்கிழமை, ஒரு பை ரம்புத்தான் பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

"அர்ச்சுனா, உள்ள வரவா?"

"புல்லக் கூட்டிட்டு வரலையா?"

"சொல்லு, சொல்லு. வாங்கிக்கத்தான் வந்திருக்கேன்." உட்கார்ந்தான். "செயலாளர் பதவிய எடுத்துருவேன்னு மெரட்டினாருடா. ரிட்டயர் ஆன எனக்கு வேற என்ன இருக்கு? எல்லாரும் என்னை 'செயலாளரே'ன்னு கூப்பிடுறாங்க. வீட்டுல கூப்பிட ஆளில்ல."

அதைக் கேட்டு எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

"அதுக்காக எனக்கு எதிரா ஓட்டுப் போடுவியா?"

"யாருடா போட்டா? மேடையில பேசுனது செயலாளரு. சீட்டுல உம்பேரைத்தான் எழுதினேன். சத்தியமா. நீ ஜெயிச்சிருவேன்னு கணக்குப் போட்டுத்தான் அவ்வளவு பேசினேன். அந்த ஒரு ஓட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கே வெளங்கல."

கிருஷ்ணம்மா தேநீர்த் தட்டோடு வந்தாள். "ரெண்டு பேரும் சேந்துட்டீங்களா? புல்லாவது ஓட்டாவது. அப்படி ஒண்ணும் நடக்கலன்னு நான் எத்தனவாட்டி சொல்றது?"

"நடந்துச்சு அண்ணி" என்றான் மோகனதாஸ். "நான்தானே கூடையத் தூக்கிட்டு வடைச் சட்டிகிட்டகூட வந்தேன். நீங்ககூட மாவுக் கையத் தொடச்சிட்டு..."

பாதியில் நிறுத்திவிட்டான். என் முகத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு ரம்புத்தானைப் பார்த்தான்.

நான் அவளைப் பார்த்தேன். தேநீர்த் தட்டு மேசைக்கு வந்து சேரவில்லை. அப்படியே கையில் நின்றது.

"கிருஷ்ணம்மா?"

"ஒரு நாளு ஒங்களுக்குச் சோறு கொண்டாந்தேன்" என்றாள், தட்டைப் பார்த்தபடியே. "வண்டி கட்டை மேல ஏறி நின்னுச்சு. அடியிலேருந்து ரெண்டு காலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. என்னங்கன்னேன். காலு அசையல. மறுபடியும் கூப்புட்டேன். அசையல. கிட்ட வந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்ல. அப்படியே மரத்தடியில உக்காந்துட்டேன். ரொம்ப நேரங்கழிச்சு நீங்களா ஊர்ந்து வெளிய வந்து, கொழம்பு என்னன்னு கேட்டீங்க."

டெக்குக்கு அடியில் நல்ல நிழல். சுரண்டி முடித்தபின் சற்றுக் கண்ணயர்வது என் வழக்கம். அவ்வளவு சொகுசான இடம் ஜொகூரிலேயே கிடையாது என்று எத்தனையோ பேரிடம் பீற்றியிருக்கிறேன். அவளிடம் மட்டும் சொன்னதே இல்லை.

"வீட்டுல சொன்னா கேக்குற ஆளா நீங்க? புல்லு ஜெயிச்சா, அது போயி வண்டிக்கடியில படுக்காதில்ல?"

தட்டை வைத்தாள். குவளை சாய்ந்து கொஞ்சம் தேநீர் சிந்தியது. துடைக்காமல், முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆமாங்க. நடந்துச்சு. நீங்க சொல்றதெல்லாம் நெசந்தான். அந்த ஓட்டப் போட்டது நான்தான்."